டஜன் என்றால் பன்னிரண்டேதானா?

இந்த மாதத் தபாலில் டஜனைப் பற்றியே நாலைந்து கேள்விகள். யாரும் பேசி வைத்துக்கொண்டு எழுதியதாகத் தெரியவில்லை. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இதை ஒரே மூச்சில் முடித்துவிடலாம்.

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் 'டூ டஜன்ஸ் எக்ஸ்' என்று எழுதியிருந்தாள். ஆசிரியை சிவப்பு மையில் அடித்து 'டூ டஜன் எக்ஸ்' என்று திருத்தியிருக்கிறார். ஆனால் ஆங்கிலச் செய்தித்தாளில் 'டஜன்ஸ் ஆஃப் பீப்பிள்' என்று வருகிறதே. இரண்டு என்றால் பன்மைதானே, அந்த 'ஸ்' எங்கே போனது? (ஒரு வாசகர், தேனி)

ஆசிரியை திருத்தியது சரி. செய்தித்தாளில் வந்ததும் சரி.

முன்னால் எண் ஒன்று வந்து நின்றுவிட்டால் டஜன் அப்படியே இருக்கும், 'ஸ்' ஒட்டாது. டூ டஜன், த்ரீ டஜன், டென் டஜன். 'டூ ஹண்ட்ரட் ருப்பீஸ்' என்கிறோமே தவிர 'டூ ஹண்ட்ரட்ஸ் ருப்பீஸ்' என்பதில்லை அல்லவா, அதே கணக்குதான். 'செவரல்', 'எ ஃபியூ' முன்னால் வந்தாலும் இதே விதி: செவரல் டஜன் எக்ஸ். எண் எதுவும் சொல்லாமல் 'ஏகப்பட்டது' என்ற பொருளில் பொத்தாம் பொதுவாகச் சொல்லும்போது மட்டும் 'ஸ்' வரும், கூடவே 'ஆஃப்' வரும். 'டஜன்ஸ் ஆஃப் பீப்பிள்' என்று எழுதிய நிருபர் யாரையும் எண்ணிப் பார்க்கவில்லை. கூட்டம் இருந்தது, நூறைத் தொடவில்லை என்கிறார், அவ்வளவுதான். நாம் 'டஜன் கணக்கில் வந்தார்கள்' என்கிறோமே, அது.

எண் இருந்தும் 'ஆஃப்' வரும் இடம் ஒன்று உண்டு. குறிப்பிட்ட ஒரு குவியலைச் சுட்டி, அதிலிருந்து எடுக்கும்போது 'டூ டஜன் ஆஃப் தோஸ் எக்ஸ்' என்று சொல்லலாம். 'அந்த முட்டைகளில் இரண்டு டஜன்'. அங்கேயும் 'ஸ்' கிடையாது. மகளிடம் இதையும் சொல்லி வையுங்கள், பத்தாம் வகுப்பில் உதவும்.

இன்னொன்று. 'எ டஜன் பீப்பிள்' என்று செய்தியில் படித்தால் பன்னிரண்டு பேர் என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். பதினொன்றாகவும் இருக்கலாம், பதின்மூன்றாகவும் இருக்கலாம். 'ஹாஃப் எ டஜன்' ஆறேழு பேர். கச்சிதமாகச் சொல்ல வேண்டிய இடத்தில் வெள்ளைக்காரரும் 'ட்வெல்வ்' என்றுதான் எழுதுவார். கடையில் காசு கொடுத்து வாங்கும்போது மட்டும் டஜன் என்றால் பன்னிரண்டு, ஒன்று குறைந்தாலும் சண்டை.

கேள்வி: பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். துணி கிலோவில் வருகிறது, எலாஸ்டிக் மீட்டரில் வருகிறது, உருப்படி மட்டும் டஜனில் போகிறது. எல்லாம் பத்தில் ஓடும் காலத்தில் இது மட்டும் ஏன் பன்னிரண்டில் நிற்கிறது? அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? (ஒரு வாசகி, திருப்பூர்)

முதலில் சொல்லை முடித்துவிடுவோம். லத்தீனில் 'துவோ' என்றால் இரண்டு, 'டெக்கெம்' என்றால் பத்து. சேர்த்தால் 'துவோடெக்கிம்', பன்னிரண்டு. அது பிரெஞ்சு வாயில் தேய்ந்து 'தூஸ்' ஆனது. அதன் வாலில் 'ஏன்' என்று ஒரு விகுதியை ஒட்டினால் 'தூஸேன்', அதாவது பன்னிரண்டு கொண்ட ஒரு தொகுதி. 1300ஆம் ஆண்டு வாக்கில் அது ஆங்கிலத்தில் ஏறி டஜன் ஆனது. நமக்கு ஆங்கிலேயர் கொடுத்தார்கள். இந்திக்காரர் 'தர்ஜன்' ஆக்கிக்கொண்டார். ஜெர்மானியர் 'டுட்சென்ட்' என்கிறார், ரஷ்யர் 'தியூஷினா' என்கிறார். சரக்கு போன வழியெல்லாம் சொல்லும் போயிருக்கிறது.

அந்த விகுதியைக் கொண்டு பிரெஞ்சுக்காரர்கள் பத்து, இருபது, நூறு என்று எல்லாவற்றுக்கும் இப்படித் தொகுதிப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலேயர் அந்த வரிசையிலிருந்து டஜனை மட்டும் சொந்தமாக்கிக்கொண்டார்கள். இத்தாலிப் பக்கத்திலிருந்து இதற்கு ஒரு பங்காளி உண்டு: குவாரன்டைன். கொள்ளைநோய்க்குப் பயந்து வெனிஸில் கப்பல்களை நாற்பது நாள் தனியே நிறுத்தி வைத்தார்களே, அந்த 'நாற்பதுத் தொகுதி'தான் அது. கொரோனா காலத்தில் அந்தச் சொல்லைச் சொல்லிச் சொல்லியே நமக்கு வாய் வலித்தது.

ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கான 'ட்வெல்வ்' வேறு கதை. பழைய ஜெர்மானிய மொழியில் 'இரண்டு மிச்சம்' என்று பொருள். பத்தை எண்ணி முடித்த பிறகு இரண்டு மிச்சம். 'லெவன்' என்றால் ஒன்று மிச்சம். அதனால்தான் அந்த இரண்டுக்கு மட்டும் 'டீன்' வால் இல்லை. நாமும் பத்தோடு இரண்டைச் சேர்த்துத்தான் பன்னிரண்டு என்கிறோம். ஆக யாரைக் கேட்டாலும் எண்ணுவது பத்தில்தான். கட்டு கட்டுவது மட்டும் பன்னிரண்டில்.

ஏன் என்பதற்குத்தான் வருகிறேன். கணக்குப் புத்தகம் சொல்லும் காரணம் உங்களுக்கே தெரிந்திருக்கும். பன்னிரண்டை இரண்டாக, மூன்றாக, நான்காக, ஆறாகப் பிரிக்கலாம். பத்தை இரண்டாகவும் ஐந்தாகவும்தான் பிரிக்க முடியும். ஒரு கட்டில் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு என்று கேட்டு வருகிறவருக்கு, பத்து வைத்திருக்கும் கடைக்காரர் பொருளை உடைத்துத்தான் கொடுக்க வேண்டும். பெட்டி போடுகிறவருக்கும் பன்னிரண்டு தோது. நாலுக்கு மூணாக அடுக்கலாம், ஆறுக்கு ரெண்டாக அடுக்கலாம், ரெண்டடுக்காகப் போட்டால் மூணுக்கு ரெண்டு. பத்தை ஐந்துக்கு ரெண்டாக வைப்பதைத் தவிர வழியில்லை.

கையையும் பாருங்கள். கட்டைவிரலை விட்டுவிட்டால் நாலு விரல், விரலுக்கு மூன்று கணு. கட்டைவிரல் நுனியால் தொட்டுக்கொண்டே போனால் ஒரு கையில் பன்னிரண்டு. நம் பாட்டிகள் ஜபம் எண்ணியதும் பால் கணக்கு எண்ணியதும் கணுவைத் தொட்டுத்தான். மேற்கு ஆசியாவிலும் இந்தப் பழக்கம் உண்டு. பன்னிரண்டின் செல்வாக்கு இங்கிருந்து கிளம்பியிருக்கலாம் என்பது ஒரு கருத்து.

ஆனால் டஜன் இங்கிலாந்துக் கடைவீதியில் இவ்வளவு ஆழமாக வேர் விட்டதற்கு எனக்குப் பிடித்த காரணம் காசுதான். அங்கே 1971 பிப்ரவரி 15 வரை ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்னி. ஒரு பொருள் ஒரு பென்னி என்றால் டஜன் ஒரு ஷில்லிங். ஒன்று ஐந்து பென்னி என்றால் டஜன் ஐந்து ஷில்லிங். பெருக்கலும் வேண்டாம் வகுத்தலும் வேண்டாம், எண் அப்படியே இருக்கும், காசின் பெயர் மட்டும் மாறும். மொத்தக் கடையில் டஜன் ஏழு ஷில்லிங்குக்கு எடுத்து வந்தவருக்கு ஒன்றின் அடக்க விலை ஏழு பென்னி என்று நொடியில் தெரிந்துவிடும். எட்டுக்கு விற்றால் லாபம். பள்ளிக்கூடம் பார்க்காத பெட்டிக்கடைக்காரரும் தப்பில்லாமல் வியாபாரம் செய்யலாம்.

நம் ஊரிலும் இதே சௌகரியம் இருந்தது. 1957 ஏப்ரல் 1இல் நயா பைசா வரும் வரை ஒரு அணாவுக்குப் பன்னிரண்டு பை. 'கையில் தம்பிடி இல்லை' என்கிறோமே, அந்தத் தம்பிடிதான் பை. ஒன்று மூன்று தம்பிடி என்றால் டஜன் மூன்று அணா. எங்கள் சித்தப்பா மதுரை விளக்குத்தூண் பக்கம் தையல் சாமான் கடை வைத்திருந்தார். நயா பைசா வந்து வருஷக் கணக்கான பிறகும் மனக்கணக்கை அணாவில் போட்டு, வாயால் சொல்லும்போது மட்டும் பைசாவுக்கு மாற்றுவார். நூறு பைசாவைப் பன்னிரண்டால் வகுத்தால் எட்டு பைசா போக மூன்றில் ஒன்று தொங்கும். டஜனுக்கு ஏற்ற காசு போய்விட்டது, டஜன் போகவில்லை.

அது போகாமல் இருந்ததற்கும் அந்தக் கடையிலேயே காரணம் பார்த்தேன். சட்டைப் பொத்தான் டஜன் கணக்கில் அட்டையில் தைத்து வரும். முழுக்கைச் சட்டை ஒன்றை எடுத்து எண்ணிப் பாருங்கள். கழுத்துப்பட்டையோடு சேர்த்து முன்பக்கம் ஏழு. மணிக்கட்டுக்கு ஒவ்வொன்று, இரண்டு. அதற்கு மேலே கை வெட்டில் ஒவ்வொன்று, இரண்டு. ஆகப் பதினொன்று. அறுந்தால் தைத்துக்கொள்ள, சட்டையின் உள்பக்கம் கீழே ஒன்று. டெய்லர் 'ஒரு சட்டைக்குக் கொடுங்க' என்றாலே சித்தப்பா ஓர் அட்டையை எடுத்து வைத்துவிடுவார்.

உங்கள் தொழிலுக்கு வந்தால், வெளிநாட்டு ஆர்டரும் டஜனைக் காப்பாற்றிக் கொடுத்தது. 2004 முடியும் வரை அமெரிக்கா ஆயத்த ஆடைக்குக் கோட்டா வைத்திருந்ததே, அதில் பின்னலாடைச் சட்டைகளை எண்ணியது டஜனில். வாங்குகிறவர் டஜனில் கேட்டால் விற்கிறவர் வேறு என்ன செய்வார்?

பன்னிரண்டின் மேல் பைத்தியமாக இருந்தவர்களும் உண்டு. தட்டச்சு நிலையம் போனவர்கள் பிட்மன் சுருக்கெழுத்தை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஐசக் பிட்மன், உலகம் பத்தில் எண்ணுவதை விட்டுப் பன்னிரண்டில் எண்ண வேண்டும் என்றார். அப்படி எண்ணினால் பத்துக்கும் பதினொன்றுக்கும் ஒற்றை இலக்கம் வேண்டுமே? 2ஐயும் 3ஐயும் தலைகீழாகத் திருப்பி வைத்தார்! சுருக்கெழுத்து ஊர் ஊராகப் பரவியது, தலைகீழ் இரண்டு பரவவில்லை. எதிர்த்திசையில் போனவர்கள் பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள். 1793இல் ஒரு நாளைப் பத்து மணியாகப் பிரித்துச் சட்டமே போட்டார்கள். 1795இல் கைவிட்டார்கள். மீட்டரையும் கிலோவையும் உலகத்துக்குக் கொடுத்தவர்களால் கடிகாரத்தின் பன்னிரண்டை அசைக்க முடியவில்லை.

கேள்வி: 'பேக்கர்ஸ் டஜன்' என்றால் பதின்மூன்று என்கிறார்களே. ரொட்டிக்காரருக்கு மட்டும் கணக்குத் தெரியாதா? (ஒரு வாசகர், பாளையங்கோட்டை)

கணக்கு நன்றாகவே தெரியும், அதைவிட நன்றாகச் சட்டம் தெரியும்.

இங்கிலாந்தில் 1266 வாக்கில் ரொட்டிக்கும் பீருக்கும் ஒரு சட்டம் வந்தது. நமக்கு விசித்திரமாகத் தோன்றும் சட்டம் அது. ரொட்டியின் விலை மாறாது. பென்னி ரொட்டி என்றால் என்றைக்கும் பென்னிதான். மாறுவது எடை. கோதுமை விலை ஏறினால் ரொட்டி சிறுக்கும், இறங்கினால் பெருக்கும். கோதுமை இன்ன விலை விற்றால் ரொட்டி இவ்வளவு எடை இருக்க வேண்டும் என்று பட்டியலே இருந்தது. இன்றைக்கு ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட் விலை ஏறாமல் இளைத்துக்கொண்டே வருகிறதே, அதை அரசாங்கமே பட்டியல் போட்டுச் செய்திருக்கிறது.

எடை குறைந்தால் தண்டனை. லண்டன் நகரப் பழைய விதித் தொகுப்பில் அது வரிசையாக இருக்கிறது. முதல் தடவை பிடிபட்டால், குறைந்த ரொட்டியைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டு, கூட்டம் அதிகமுள்ள, அழுக்கான தெருக்கள் வழியாகத் தட்டியில் வைத்து இழுத்துப் போவார்கள். இரண்டாம் தடவை, கழுத்தையும் கையையும் பலகை ஓட்டையில் மாட்டி ஒரு மணி நேரம் நிறுத்துவார்கள். மூன்றாம் தடவை அடுப்பையே இடித்துவிடுவார்கள், அதோடு தொழிலுக்கு முழுக்கு. சரி, மாவு எவ்வளவு என்று நிறுத்துப் போடலாம். வெந்து ஆறிய பிறகு எவ்வளவு நீர் போகும் என்று யாருக்குத் தெரியும்? எதற்கு வம்பு என்று டஜனுக்கு ஒன்று கூடுதலாகப் போட்டார்கள் என்பது பலரும் சொல்லும் கதை.

எனக்கு இதைவிட இன்னொரு விளக்கம் நடைமுறைக்குப் பொருந்துவதாகத் தோன்றுகிறது. கூடையில் வாங்கிப்போய்த் தெருவில் விற்கும் பெண்கள் இருந்தார்கள். ரொட்டியின் விலையோ சட்டத்தால் கட்டப்பட்டது, ஏற்றி விற்க முடியாது. அப்புறம் அவர்களுக்கு லாபம் எங்கிருந்து வரும்? பன்னிரண்டுக்குக் காசு வாங்கிக்கொண்டு பதின்மூன்று கொடுத்தால், அந்தப் பதின்மூன்றாவது அவர்கள் கூலி. ரொட்டியோடு இது நிற்கவில்லை. இங்கிலாந்துப் புத்தகப் பதிப்பாளர்களும் கடைக்காரர்களுக்குப் 'பன்னிரண்டு விலைக்குப் பதின்மூன்று பிரதி' என்று வெகுகாலம் கொடுத்து வந்தார்கள். புத்தகத்துக்கு எடைக்குறைவு தண்டனை ஏது? ஆக, பயத்தில் கொடுத்தது என்பதைவிடக் கமிஷனாகக் கொடுத்தது என்பதுதான் என் கட்சி. நம் காய்கறிக்கடைக் கொசுறோடு இதைக் குழப்ப வேண்டாம். கொசுறு வாங்குகிறவரின் வாய்ச் சாமர்த்தியம். இது வியாபார ஒப்பந்தம்.

பதின்மூன்று என்றாலே முகம் சுளிக்கும் ரஷ்யர் இதே எண்ணைச் 'சாத்தானின் டஜன்' என்கிறார்.

கேள்வி: என் ஆச்சி தீப்பெட்டி ஆபீசுக்கு வீட்டிலிருந்தே பெட்டி ஒட்டிக் கொடுத்தவர். 'ஒரு குரோஸ் ஒட்டினா இவ்வளவு' என்பார். சம்பளச் சீட்டில் 'குரோஸ்' என்று வருவதும் இதுவும் ஒன்றா? (ஒரு வாசகர், கோவில்பட்டி)

பிறப்பு ஒன்று, பிழைப்பு வேறு. லத்தீனில் 'குரோசுஸ்' என்றால் தடித்தது, பருத்தது. பிரெஞ்சில் 'குரோஸ் தூஸேன்', அதாவது பெரிய டஜன், பன்னிரண்டு டஜன். டஜனை உதிர்த்துவிட்டு வெறும் 'குரோஸ்' என்று ஆங்கிலத்தில் நின்றது: 144. பன்னிரண்டு குரோஸுக்குக் 'கிரேட் குரோஸ்' என்று பெயர்: 1728. பிடித்தம் போவதற்கு முன்னால் தடியாகத் தெரியும் சம்பளமும் குரோஸ்தான். அமெரிக்கப் பிள்ளைகள் அருவருப்பான எதைக் கண்டாலும் 'குரோஸ்' என்கிறார்களே, அதுவும் இதே தடியன்தான்.

தீப்பெட்டியில் குரோஸ் நிலைத்ததற்கு அரசாங்கமும் ஒரு காரணம். 1934இல் வந்த தீப்பெட்டி வரிச் சட்டம் வரியைக் குரோஸ் கணக்கில்தான் விதித்தது. வரி குரோஸில் என்றால் உற்பத்திக் கணக்கு குரோஸில், உற்பத்தி குரோஸில் என்றால் ஆச்சியின் கூலியும் குரோஸில். 144 பெட்டி ஒட்டினால்தான் ஒரு கூலி. 140 ஒட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனால் கணக்கில் ஏறாது.

கேள்வி: டஜனுக்கு நல்ல தமிழ்ச் சொல் என்ன? (ஒரு வாசகர், கும்பகோணம்)

டஜன்.

கோபப்படாதீர்கள். நம் வியாபாரத்துக்கு என்று தொகுதிச் சொற்கள் நிறைய இருக்கின்றன. வெற்றிலைக்குக் கவுளி, வாழைப்பழத்துக்குச் சீப்பு, பூவுக்கு முழம். பன்னிரண்டுக்கு என்று ஒன்று கடைவீதியில் இல்லை, தேவைப்படவும் இல்லை. முருகன் கையை ஈராறு என்று பாடலாம். வளையல் கடையில் போய் 'ஈராறு கண்ணாடி வளையல்' கேட்டால் கடைக்காரர் முதலில் உங்களைத்தான் பார்ப்பார். முட்டைக்கு இந்தக் கவலையே இல்லை. நாமக்கல்லில் மொத்த விலை நூறு முட்டைக்கு, அட்டையில் அடுக்குவது ஐந்துக்கு ஆறாக முப்பது. வெள்ளைக்காரர் டஜனிலேயே வாங்கும் அந்தப் பொருளில் நாம் டஜனைக் கழற்றிவிட்டோம்.

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் என் மருமகள் என்னைப் பற்றி யாரிடமோ 'டாக்ஸ் நைன்டீன் டு தி டஜன்' என்றாள். பாராட்டா? (ஒரு வாசகி, காரைக்குடி)

மற்றவர்கள் பன்னிரண்டு வார்த்தை பேசும் நேரத்தில் நீங்கள் பத்தொன்பது பேசுகிறீர்கள் என்கிறார். பாராட்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஆச்சி.

கேள்வி: நோட்டுப் புத்தகத்தில் 'ஒரு குயர், இரண்டு குயர்' என்கிறார்களே, அதற்கும் டஜனுக்கும் உறவு உண்டா? (ஒரு மாணவர், திண்டுக்கல்)

கொடுக்கல் வாங்கலில் உண்டு, இரத்த உறவு இல்லை. குயர் என்பது லத்தீனில் 'நந்நான்கு' என்ற பொருள் தரும் சொல்லிலிருந்து வந்தது. நாலு தாளை ஒன்றாக மடித்துத் தைத்தது ஒரு குயர். பிறகு காகித வியாபாரத்தில் அது இரண்டு டஜனாக வளர்ந்தது, 24 தாள். இருபது குயர் ஒரு ரீம், அதாவது 480 தாள். இப்போது அதைப் பத்தின் பக்கம் இழுத்து 25 தாள், 500 தாள் என்று ஆக்கிவிட்டார்கள். ஜெராக்ஸ் கடைக் கட்டு ஐநூறாக இருப்பது அதனால்தான்.

நோட்டில் மட்டும் பழைய 24 இன்னும் உயிரோடு இருக்கிறது. 24 தாளை நடுவில் மடித்தால் 48 ஏடு, இரண்டு பக்கமும் எண்ணினால் 96 பக்கம். இரண்டு குயர் நோட்டில் 192. உங்கள் நோட்டின் அட்டையில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள், அப்புறம் உள்ளே எண்ணிப் பாருங்கள். குறைந்தால் கடைக்காரரைக் கேட்கலாம். தட்டியில் வைத்து இழுத்துப் போகும் வழக்கம் இங்கே இல்லை.